வலி தெரியாத புண்

சூளூர்பேட்டை, ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. தமிழும் தெலுங்கும் சேர்ந்து புழங்கும் ஊர். சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு இந்த ஊர் வழியாகத்தான் போக வேண்டும்.

இந்த ஊரில் ஒரு முதியோர் இல்லம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே 12 கட்டில்கள். பகலில் ஒரு நர்சு வருவார். முதியவர்களைக் குளிப்பாட்டவும் சாப்பாடு ஊட்டவும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குப் பகல் வேலை. மற்றவருக்கு இரவு வேலை.

பகல் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 40 வயது. அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றவர்.

மூன்றாம் கட்டிலில் ஒரு பாட்டி. பக்கவாதத்தால் அவருக்கு வலது கையும் வலது காலும் வராது. பேச்சும் குழறும். ஒரு நாள் காலை அந்தப் பெண் பாட்டிக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்தார். பாட்டியைத் திருப்பினார். இடுப்புக்குக் கீழே, நடு எலும்பின் மேல், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது.

"பாட்டி, இங்க வலிக்குதா?"

பாட்டி இல்லை என்று தலையை ஆட்டினார்.

வலி இல்லையே, வேர்க்குருவாக இருக்கும் என்று அந்தப் பெண் நினைத்தார். பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தார். அப்போது அவர் கண் ஒன்பதாம் கட்டில் பக்கம் போனது. அந்தக் கட்டில் காலியாக இருந்தது.

ஒன்பதாம் கட்டில்

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு தாத்தாவை வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். மூன்று மாதம் படுத்த படுக்கையாக இருந்தவர். காய்ச்சல் அனலாக அடித்தது. கண்ணைத் திறக்கவில்லை. கட்டுத்துணியை அவிழ்த்தபோது நாற்றம் வந்தது. இடுப்புக்குக் கீழே ஆழமான புண். உள்ளே எலும்பு தெரிந்தது.

நர்சு ஒரு பார்வை பார்த்தார். உடனே 108 வண்டிக்குப் போன் செய்தார். தாத்தாவைத் திருப்பதிக்கு, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். புண்ணில் இருந்த கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது என்று அங்கே சொன்னார்கள். நான்காம் நாள் தாத்தா இறந்துபோனார்.

அவருடைய மகன் துணிமணிகளை எடுத்துப் போக வந்தார். வாசலில் உட்கார்ந்து அழுதார்.

"அப்பா ஒரு நாள்கூட வலிக்குதுன்னு சொல்லலையே சிஸ்டர்! சொல்லியிருந்தா சும்மா இருந்திருப்பேனா?"

அந்தப் பேச்சு இப்போது அந்தப் பெண்ணின் காதில் ஒலித்தது. பாட்டியும் வலி இல்லை என்றுதானே சொல்கிறார்? அவர் பவுடர் டப்பாவைக் கீழே வைத்தார். நர்சைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், கொஞ்சம் இங்க வாங்க. பாட்டி முதுகுல செவப்பா இருக்கு."

நர்சு கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சிவந்த இடத்தை விரலால் மெல்ல அழுத்தினார். பிறகு விரலை எடுத்தார். சிவப்பு மாறவில்லை.

"இவங்களை எப்போம்மா மல்லாக்கப் படுக்க வச்சாங்க?"

"நேத்து ராத்திரி சாப்பாடு கொடுத்ததும் சிஸ்டர். பாட்டி நல்லா தூங்கினாங்களாம். எழுப்ப மனசு வரலைன்னு ராத்திரி அக்கா சொன்னாங்க."

"தூங்கட்டும்மா. ஆனா ஒரே பக்கமா படுக்க விடக்கூடாது. இது படுக்கைப் புண்ணோட ஆரம்பம். நல்ல நேரத்துல பார்த்தே."

படுக்கைப் புண் எப்படி வருகிறது?

உங்கள் கட்டை விரல் நகத்தை மற்றொரு விரலால் அழுத்திப் பாருங்கள். நகத்தின் அடியில் வெளுக்கும். விட்டதும் மறுபடி சிவக்கும். அழுத்தும்போது அங்கே ரத்தம் ஓடுவது நின்றுபோகிறது. விட்டால் மறுபடி ஓடுகிறது.

நாம் படுக்கும்போதும் இதுவே நடக்கிறது. குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடி எலும்பு, தோள், முழங்கை, பின்தலை ஆகிய இடங்களில் சதை குறைவு. அங்கே எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் தோல் நசுங்குகிறது. ரத்தம் வராத தோலும் சதையும் சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும்.

அப்படியானால் நமக்கு ஏன் புண் வருவதில்லை? நாம் தூக்கத்திலேயே புரண்டு படுக்கிறோம். ஒரு பக்கம் நொந்தால் உடம்பே மறுபக்கம் திரும்பிவிடும். பக்கவாதம் வந்தவர்கள், முதுகெலும்பு அடிபட்டவர்கள், நினைவு தப்பியவர்கள், மிகவும் தளர்ந்தவர்கள் அப்படிப் புரள முடியாது. சிலருக்கு அந்த இடத்தில் வலியே தெரியாது. சிலருக்கு வலித்தாலும் சொல்லத் தெரியாது.

வலி தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து ஊரில்தான் ஒரு டாக்டர் கண்டறிந்து சொன்னார்.

வேலூர் டாக்டர்

சித்தூருக்கு அடுத்த பெரிய ஊர் வேலூர். சித்தூர் பக்கத்து மக்கள் பலர் இன்றும் வைத்தியத்துக்கு அங்கே போகிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ஆம் ஆண்டு பால் பிராண்ட் என்ற டாக்டர் வந்தார். அவர் ஆங்கிலேயர். ஆனால் 1914-இல் பிறந்தது நம் கொல்லிமலையில்.

அந்தக் காலத்தில் தொழுநோயாளிகளின் கையிலும் காலிலும் புண் வரும். விரல்கள் குறைந்துகொண்டே போகும். நோயே சதையை அழுக வைக்கிறது, அதைத் தடுக்க முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள். டாக்டர்கள்கூட அப்படித்தான் நினைத்தார்கள்.

ஒரு நாள் டாக்டர் பிராண்ட் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முயன்றார். முடியவில்லை. தொழுநோய் இருந்த ஒரு சிறுவன் வந்தான். சாவியைப் பிடித்து ஒரே திருகாகத் திருகிவிட்டான். பூட்டு திறந்தது. அவன் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. டாக்டர் அந்த விரலைப் பார்த்தார். சாவி எலும்புவரை வெட்டியிருந்தது. சிறுவனுக்கு அது தெரியவே இல்லை.

இன்னொரு சங்கதியும் நடந்தது. இரவு படுக்கும்போது முழுதாக இருந்த விரல், காலையில் குறைந்திருந்தது. ஏன் என்று தெரிந்துகொள்ள இரவில் விழித்திருந்து காவல் காத்தார்கள். எலி வந்து விரலைக் கடித்தது. தூங்கியவர் கையை இழுக்கவில்லை. வலி இருந்தால்தானே இழுப்பார்? அதன் பிறகு அங்கே எலியை விரட்டப் பூனை வளர்த்தார்கள்.

தொழுநோய் வலி தெரியும் நரம்புகளைக் கெடுக்கிறது என்பதை டாக்டர் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் புரிந்துகொண்டார்கள். வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைத் தொடுகிறார்கள். ஆணி குத்தினாலும் நடக்கிறார்கள். புண்ணின் மேலேயே மிதித்து நடக்கிறார்கள். புண் வருவதற்கு இதுவே காரணம். காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, புண்ணில் மிதி படாமல் காத்தார்கள். ஆறாது என்று சொன்ன புண்கள் ஆறின. மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்து கொடுத்தார்கள். புதுப் புண் வருவது குறைந்தது. 1955-இல் காட்பாடி அருகே கரிகிரியில் இதற்கென்றே ஒரு ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது.

இன்று தொழுநோயைக் கூட்டு மருந்தால் முழுதாகக் குணப்படுத்தலாம். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். வேலூரில் கற்ற பாடம் மற்ற நோயாளிகளுக்கும் உதவுகிறது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு அதே பாடம்தான். நம் பாட்டிக்கும் அதே பாடம்தான். அவருக்குத் தெரியாத வலியைப் பக்கத்தில் இருப்பவர் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் புரள முடியாததால், மற்றவர் புரட்டிவிட வேண்டும்.

சுவரில் ஒரு தாள்

நர்சு ஒரு தாளில் கோடு போட்டார். பாட்டியின் கட்டிலுக்கு மேல் ஒட்டினார்.

"2 மணிக்கு ஒரு தரம் பாட்டியைத் திருப்பணும். இடது பக்கம் சாய்ச்சா 'இ'. வலது பக்கம்னா 'வ'. மல்லாக்கப் படுக்க வச்சா 'ம'. மணியையும் எழுதணும். அந்த இடம் ஆறுறவரைக்கும் 'ம' வேண்டாம்."

அந்தப் பெண் தயங்கினார். "என் கையெழுத்து நல்லா இருக்காது சிஸ்டர்."

"மூணு எழுத்து, ஒரு மணிக் கணக்கு. இது போதும்மா. எழுதலைன்னா யார் திருப்பினாங்க, எப்போ திருப்பினாங்கன்னு ராத்திரி வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?"

இரவு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தெலுங்கு மட்டும்தான் படிக்கத் தெரியும். அதனால் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் போட்டார்கள்.

படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் முறை இதுதான்:

1. பொதுவாக 2 மணிக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். டாக்டர் வேறு கணக்குச் சொன்னால் அப்படிச் செய்ய வேண்டும்.

2. பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் தோல் உரியும். உடம்புக்கு அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு, இரண்டு பேர் துணியோடு தூக்கி நகர்த்த வேண்டும்.

3. ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது முழுப் பாரமும் இடுப்பு எலும்பில் விழக் கூடாது. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து, சற்றே சாய்ந்தபடி படுக்க வைக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவிலும் ஒரு தலையணை வேண்டும். மல்லாந்து படுத்தால் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும். அப்போது குதிகால் படுக்கையில் படாது.

4. சிறுநீர், மலம் பட்டால் உடனே கழுவித் துடைக்க வேண்டும். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. சோற்றுப் பருக்கை, ஊக்கு எதுவும் கிடக்கக் கூடாது.

5. தினமும் ஒரு முறை உடம்பு முழுவதும் பார்க்க வேண்டும். நிறம் கறுத்தவர்களுக்குச் சிவப்பு தெரியாது. அந்த இடம் இன்னும் கறுத்து அல்லது ஊதாவாக இருக்கும். தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும்.

6. சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. எண்ணெய் போட்டு அழுத்தி உருவக் கூடாது. அடியில் உள்ள சதை இன்னும் கெடும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம். அது சுற்றிலும் அழுத்தும். காற்றுப் படுக்கை கிடைத்தால் நல்லது. ஆனால் அது இருந்தாலும் திருப்புவதை நிறுத்தக் கூடாது.

7. புண் ஆறச் சத்து வேண்டும். பருப்பு, முட்டை, மீன், பால், வேர்க்கடலை நல்லவை. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

புண் திறந்துவிட்டால்

தோல் உரிந்துவிட்டால், கொப்புளம் வந்தால், நர்சிடமோ டாக்டரிடமோ காட்ட வேண்டும். எந்த மருந்து, எத்தனை நாளுக்கு ஒரு முறை கட்டு என்பதை அவர்கள் சொல்வார்கள்.

மஞ்சள் தூள், சாம்பல், காப்பித் தூள், சாணம் எதையும் புண்ணில் போடக் கூடாது. அவற்றோடு கிருமியும் உள்ளே போகும். நர்சு சொன்னால், மருந்துக் கடையில் விற்கும் உப்பு நீரால் கழுவலாம். அது இல்லாவிட்டால் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரால் கழுவலாம். மீதி இருக்கும் பழைய மாத்திரையை நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. தேவையில்லாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால், பிறகு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி வளரும்.

கையில் போகும் கிருமி

இல்லத்தில் 12 கட்டில்கள். கவனிப்பதற்கோ ஒரு ஜோடிக் கை. ஒருவர் புண்ணைத் தொட்ட கை அடுத்தவருக்குத் தண்ணீர் கொடுக்கிறது. அதற்கடுத்தவருக்குக் கட்டு மாற்றுகிறது. கிருமிக்குக் கால் இல்லை. நம் கைதான் அதைச் சுமந்து போகிறது.

இதை முதலில் எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் செம்மல்வைஸ் என்ற டாக்டர். ஐரோப்பாவில் வியன்னா என்ற நகரத்தில், பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். அங்கே இரண்டு பிரிவுகள். ஒன்றில் டாக்டர்கள் பிரசவம் பார்த்தார்கள். மற்றதில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். டாக்டர்கள் பார்த்த பிரிவில்தான் அதிகத் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். ஏன்?

டாக்டர்கள் பிணத்தை அறுத்துச் சோதித்துவிட்டு, அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். செம்மல்வைஸ் 1847-ஆம் ஆண்டு மே மாதம் ஒரு கட்டளை போட்டார். எல்லோரும் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கையைக் கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் அந்தப் பிரிவில் 100 தாய்மார்களில் 18 பேர் இறந்தார்கள். ஜூன் மாதம் 100-க்கு 2 பேர்தான் இறந்தார்கள்.

ஆனால் பெரிய டாக்டர்கள் பலர் அவர் சொன்னதை ஏற்கவில்லை. எங்கள் கை அழுக்கா என்று கோபப்பட்டார்கள். 1865-இல் செம்மல்வைஸ் இறந்தார். அவர் இறந்ததும் புண்ணில் சேர்ந்த கிருமி ரத்தத்தில் பரவியதால்தான்.

இப்போது நாம் கைகழுவ ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம். சோப்பும் தண்ணீரும் போதும். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டை விரல், நக நுனி எல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். தொடக்கம் முதல் முடிவுவரை 40 முதல் 60 விநாடி ஆக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

எப்போதெல்லாம் கழுவ வேண்டும்?

நோயாளியைத் தொடும் முன். கட்டுப் பிரிக்கும் முன். ரத்தம், சீழ், சிறுநீர், மலம் பட்ட பின். நோயாளியைத் தொட்ட பின். அவருடைய கட்டில், விரிப்பு, பாத்திரம் தொட்ட பின்.

கையுறை போட்டாலும் கழுவ வேண்டும். ஒருவருக்குப் போட்ட கையுறையோடு அடுத்தவரிடம் போகக் கூடாது. பலருக்குக் கட்டு மாற்றும்போது சுத்தமான புண்ணை முதலில் பார்க்க வேண்டும். சீழ் வைத்த புண்ணைக் கடைசியில் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் அழுக்குக் கட்டுத்துணியை மஞ்சள் பையில் போடுவார்கள். வீட்டில் என்றால் தாளில் நன்றாகச் சுற்றி, தனியாக வைத்து, துப்புரவுப் பணியாளரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவர் கையும் நம் கை போன்றதுதான்.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

புண் நாற்றம் அடித்தால், சீழ் வந்தால், கறுத்துப்போனால், சுற்றிலும் சிவப்பு பரவினால், எலும்பு தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், வேகமான மூச்சு, பிதற்றல், எழுப்பினாலும் எழாத மயக்கம் இருந்தால் உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். வயதானவர்களுக்குச் சில நேரம் காய்ச்சலே வராது. சாப்பாட்டை ஒதுக்குவதும் திடீரென்று சோர்ந்துபோவதும்கூட அடையாளம்தான்.

ஐந்தாம் நாள்

பாட்டியின் தாளில் இ, வ, இ, வ என்று வரிசையாக எழுத்துகள் நிறைந்தன. இரவு வரிசையில் அம்புக்குறிகள் இருந்தன. இரவு 2 மணிக்கும் ஒரு குறி இருந்தது. விடியற்காலை 4 மணிக்கும் ஒரு குறி இருந்தது.

ஐந்தாம் நாள் நர்சு பாட்டியின் முதுகைப் பார்த்தார். சிவப்பு மங்கியிருந்தது. தோல் உரியவில்லை.

"பிழைச்சாங்க," என்றார் நர்சு.

அன்று மாலை அந்தப் பெண் மீதி 10 பேருக்கும் 10 தாள்களில் கோடு போட்டார். ஒன்பதாம் கட்டிலுக்கு இன்னும் யாரும் வரவில்லை. ஆனாலும் அதற்கும் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு வைத்தார்.

கேள்விகள்

1. பாட்டி வலி இல்லை என்று சொன்னார். அப்படியும் அந்தப் பெண் நர்சை ஏன் கூப்பிட்டார்?

2. சாவியைத் திருகிய சிறுவனுக்கு விரல் வெட்டுப்பட்டது ஏன் தெரியவில்லை?

3. சிவந்த இடத்தைத் தேய்த்தால் என்ன ஆகும்?

4. வியன்னாவில் தாய்மார்கள் இறப்பது எதனால் குறைந்தது?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ தெருவிலோ படுத்த படுக்கையாக யாராவது இருக்கிறார்களா? அவருக்கு ஒரு தாள் தயார் செய்யுங்கள். காலை 6 மணியில் தொடங்கி 2 மணிக்கு ஒரு கட்டமாக 12 கட்டம் போடுங்கள். ஒவ்வொரு முறை திருப்பிய பின் இ, வ, ம என்று எழுதுங்கள். அந்த வீட்டில் உள்ளவர்களுக்கும் எழுதக் கற்றுக்கொடுங்கள்.